பிசுபிசுக்கும் டேஷ்போர்டு: வாசகர் கேள்வி – பதில்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இன்ஜினுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது டேஷ்போர்டைப் பற்றித்தான். இந்த இதழ் முழுக்க அதற்கே.

2014 மாடல் ஸ்விஃப்ட் வாங்கினேன். கையில் கொடுக்கும்போது டேஷ்போர்டு பளபளவென்று புதுசு போல இருந்தது. ஒரே வாரத்தில் தூசி அப்பிக்கொண்டது. தொட்டால் பிசுக்கு. மதிய வெயிலில் ஓட்டினால் டேஷ்போர்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து ரோடு சரியாகத் தெரிவதில்லை. பழையபடி ஆக்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

முடியும். நீங்கள் பார்த்த பளபளப்பு டேஷ்போர்டுடையது அல்ல, அதன் மேல் தடவிய சிலிகான் பாலிஷுடையது. கம்பெனியிலிருந்து வரும்போது டேஷ்போர்டின் மேல்பாகம் மினுங்காது. மங்கலாகவும் பொடிச் சொரசொரப்போடும் இருப்பது, கண்ணாடியில் எதிரொளிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்தது. வண்டியை விற்கிறவர்கள் முந்தின நாள் பாலிஷ் போட்டு நிறுத்துவார்கள். அதற்கு முன் வருடக்கணக்காக ஒவ்வொரு வாட்டர் வாஷிலும் பூசியதும் அடியில் அடுக்கடுக்காக இருக்கும். உங்கள் வேலை அத்தனையையும் கழற்றுவது.

முதலில் தூசி. தண்ணீர் படுவதற்கு முன் வேக்வம் போட வேண்டும். குழாய் முனையில் மெத்தென்ற பிரஷ் இருக்கட்டும். ஏசி வென்ட் இடுக்கு, ஸ்டீரியோ ஓரம், கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் பள்ளம் ஆகியவற்றில் ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டபடியே உறிஞ்சுங்கள். இதைத் தாண்டிவிட்டு ஈரத்துணி போட்டால் தூசி சேறாகி இடுக்கில் போய் உட்காரும். மணல் துகள் துணியோடு சேர்ந்து பிளாஸ்டிக்கைக் கீறவும் செய்யும்.

அடுத்து கழுவுதல். ஆல் பர்ப்பஸ் கிளீனர் என்று விற்பதை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். டேஷ்போர்டில் நேரடியாக ஸ்பிரே செய்யாதீர்கள். வழிந்து சுவிட்சுக்குள்ளும் மீட்டருக்குள்ளும் போகும். பிரஷ்ஷிலோ துணியிலோ அடித்துக்கொண்டு, ஒரு முழம் இடம், அது முடிந்ததும் அடுத்தது என்று போக வேண்டும். மெத்தென்ற பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். காய விட்டால் வெள்ளைத் திட்டு விழும். துணி முதல் சுற்றில் பழுப்பாக வரும், இரண்டாவதில் சாம்பலாக. அழுக்கே வராத சுற்று வரும்வரை விடாதீர்கள். சிலிகான் ஊறிப்போன வண்டிக்கு மூன்று நான்கு சுற்று பிடிக்கும். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள்.

போய்விட்டதா என்று பார்க்க, காய்ந்த டிஷ்யூ பேப்பரை விரலால் அழுத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனாலோ, பேப்பரில் எண்ணெய்க் கறை போல ஒளி ஊடுருவினாலோ இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான் இது. மீட்டர் கண்ணாடி, டச் ஸ்கிரீன், வெள்ளி நிறப் பூச்சுள்ள பட்டைகள் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

முன் கண்ணாடியின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். டேஷ்போர்டு வெயிலில் சுடும்போது பிளாஸ்டிக்கிலிருந்தும் பாலிஷிலிருந்தும் ஆவியாகிறது கண்ணாடியில் படலமாகப் படியும். இரவில் எதிரே வரும் ஹெட்லைட் சிதறித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே அந்த ஆல்கஹால் கலவை தாராளமாகப் போடலாம். துடைக்க ஒரு துணி, காயவைக்க வேறொரு துணி என்று வைத்துக்கொண்டால் கோடு விழாது.

இதற்கு மேல் ஒன்றும் பூசாமல் விட்டாலும் குறையில்லை. பூசியே ஆக வேண்டுமென்றால் ‘மேட் ஃபினிஷ்’ என்று போட்ட, தண்ணீரில் கரையும் டிரெஸ்ஸிங் வாங்குங்கள். பால் போல் வெள்ளையாக இருக்கும். கண்ணாடி போல் தெளிவாக, எண்ணெயாக வழிகிறது என்றால் அது வேண்டாம். ஸ்பாஞ்சில் ஐந்தாறு சொட்டு விட்டால் பாதி டேஷ்போர்டுக்கு வரும். பத்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பளபளப்பதெல்லாம் எடுக்காமல் விட்ட மிச்சம்தான். ஸ்டீயரிங், கியர் நாப், பெடல் மூன்றிலும் எந்த டிரெஸ்ஸிங்கும் படக் கூடாது. வழுக்கும்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கறுப்பு ஷூ பாலிஷ் இவற்றில் எது நல்லது?
– வாசகர், விருதுநகர்

மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடித்து, தூசியைப் பிடித்துப் பசையாகும். மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறி அதை உப்ப வைக்கும், வாடையும் போகாது. ஷூ பாலிஷ் சட்டைக் கையில் ஒட்டும், வெயிலில் உருகும். பெட்ரோல் போட்டுத் துடைப்பவர்களும் உண்டு. மூடிய காருக்குள் அது டேஷ்போர்டு பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஜெர்மன் கம்பெனி செடான், பத்து வருடத்துக்கு மேல் பழையது. ஏசி வென்ட் ஓரங்கள், சென்டர் கன்சோல், கதவுக் கைப்பிடி எல்லாம் உருகின வெல்லம் போல ஒட்டுகின்றன. எத்தனை முறை சோப்பு போட்டாலும் மறுநாள் அதே நிலை. கையில் கறுப்பாக ஒட்டுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

இது அழுக்கு அல்ல, அதனால்தான் சோப்புக்கு அசையவில்லை. தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கட்டும் என்று கெட்டி பிளாஸ்டிக் மேல் பாலியூரிதேன் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து போகும். உள்ளங்கை வியர்வையும் கிரீமும் அதை வேகப்படுத்தும். ஒருமுறை சிதைந்தது திரும்பக் கெட்டியாகாது. டால்கம் பவுடர் போட்டால் இரண்டு நாள் தாங்கும், அவ்வளவே. பூச்சை முழுக்க உரித்து எடுப்பதுதான் வழி.

பாகங்களைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். மொபைல் சர்வீஸ் செய்கிறவர்கள் வாங்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பனியன் துணியை நனைத்துப் பாகத்தின் மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வைத்தால் பூச்சு கூழாகும். காலாவதியான ஏடிஎம் கார்டின் விளிம்பால் வழித்து, புதுத் துணியால் துடைத்து, மறுபடி போர்த்த வேண்டும். துணியைச் சிக்கனம் பார்க்காதீர்கள். கறுப்பான துணியையே திருப்பித் திருப்பித் தேய்த்தால் கூழை இடம் மாற்றுவதுதான் நடக்கும். அடியில் வழவழப்பான கறுப்பு பிளாஸ்டிக் வெளிப்படும். பலருக்கு அதுவே பிடித்துப்போகிறது. மங்கலான தோற்றம் வேண்டுமென்றால் மேட் கிளியர் லாக்கர் இரண்டு மெல்லிய கோட் அடிக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று: சுவிட்சுகளில் கை வைக்காதீர்கள். இரவில் எரியும் பட்டன்கள் அடியில் வெள்ளை பிளாஸ்டிக். அதன் மேல் கறுப்புப் பூச்சு கொடுத்து, லேசரால் அந்தப் பூச்சைச் சுரண்டித்தான் ஃபேன், விளக்குச் சின்னங்களை எடுக்கிறார்கள். பூச்சை உரித்தால் சின்னமும் போய், பட்டன் முழுக்கப் பல்லிளித்துக்கொண்டு எரியும். பிசுபிசுக்கும் பட்டனுக்குப் பதில் வேறு பட்டன் மாற்றுவதே மேல். அசிட்டோன், என்சி தின்னர் இரண்டும் இந்த வேலைக்கு எதிரிகள். பூச்சோடு சேர்த்து அடியில் உள்ள பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். வண்டிக்குள்ளேயே செய்வதானால் நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃப், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

முன்னாள் உரிமையாளர் ஒட்டியிருந்த பிள்ளையார் சிலையை எடுத்தேன். டபுள் டேப் பசை அப்படியே நிற்கிறது. சுற்றிலும் மஞ்சள், குங்குமக் கறை. பக்கத்தில் சென்ட் பாட்டில் கொட்டி பிளாஸ்டிக் சுருங்கியும் இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பசைக்கு ஹேர் டிரையர். ஒரு சாண் தூரத்தில் வைத்து இரண்டு நிமிடம் காட்டினால் இளகும். கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள், பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு நீலகிரித் தைலம் நான்கு சொட்டு துணியில் விட்டுத் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். ஊற விட்டால் அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்னும். (சிலை இன்னும் ஒட்டியிருக்கிற வண்டிக்காரர்கள் நெம்ப வேண்டாம். அடியில் தங்கூசி நரம்பைக் கொடுத்து, இரண்டு கையாலும் ரம்பம் போல இழுத்தால் டேப் நடுவில் அறுந்து வரும்.)

குங்குமத்தை முதலில் காய்ந்த நிலையிலேயே வேக்வம் போட்டு எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் சாயம் கரைந்து சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். மஞ்சளில் சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சள் காரத்தில் சிவப்பது சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அது தண்ணீரை விட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் நனைத்து ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுப் பஞ்சு. கொஞ்சம் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நிற்காது, சில வாரத்தில் தானே வெளுக்கும். குங்குமம் செயற்கைச் சாயத்தில் செய்ததாக இருந்தால் அப்படிப் போகாது.

சென்ட் கொட்டிய இடம் கறையல்ல, காயம். அதில் உள்ள கரைப்பான் மேல்பரப்பை இளக்கிவிட்டது. புதிதாகக் கொட்டியதென்றால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, இரண்டு நாள் தொடாமல் இறுக விட வேண்டும். இளகிய நிலையில் தேய்த்தால் விரல் ரேகையே பதியும். ஏற்கனவே சுருங்கியதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. கற்பூரத்தையும் அந்துருண்டையையும் டேஷ்போர்டு மேல் வெறுமனே வைப்பதும் நல்லதல்ல, சில பிளாஸ்டிக்குகளை அவையும் இளக்கும்.

புதுப் பிள்ளையாரை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று பொறித்த இடத்தில் மட்டும் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது அந்த மூடியைப் பிளந்துகொண்டு, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் வெளியே வரும். மேலே இருக்கும் கல்லோ பித்தளையோ பக்கத்து இருக்கைக்காரர் முகத்துக்குத்தான் போகும்.

டேஷ்போர்டில் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். எம்-சீல் வைத்துப் பார்த்தேன், இன்ஸ்டன்ட் பசை விட்டுப் பார்த்தேன், இரண்டும் பெயர்ந்து வந்துவிட்டன.
– வாசகர், வேலூர்

பெயரத்தான் செய்யும். எந்த பிளாஸ்டிக் என்று பார்க்காமல் பசை வைத்தால் இதுதான் கதி. பாகத்தைக் கழற்றித் திருப்பினால் பின்புறம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் வார்த்திருக்கும். ‘பிபி’ என்றால் பாலிபுரோப்பிலீன், நம் ஊர் சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுதான். அதில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. இன்ஸ்டன்ட் பசை கூடுதலாக ஓரமெல்லாம் வெள்ளை பூத்தாற்போல் ஆக்கிவிடும். ‘ஏபிஎஸ்’ என்றால் (பிரேக் அல்ல, இது இன்னொரு வகை பிளாஸ்டிக்) வேலை சுலபம்.

எழுத்து தெரியாவிட்டால் ஒரு சின்னச் சீவலைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்பார்கள். பாதி உண்மை. டேஷ்போர்டுக்கு வரும் பிபியில் டால்க் மாவு கலப்பதுண்டு. இருபது சதவீதம் கலந்தாலே அதுவும் மூழ்கிவிடும். நம்பகமான சோதனை, பின்புறம் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன். கால் நிமிடத்தில் பிசுபிசுத்தால் ஏபிஎஸ், அசையாமல் இருந்தால் பிபி.

ஏபிஎஸ் விரிசலுக்கு அதே ஏபிஎஸ் சீவல்களைக் கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்தால் தேன் பதத்தில் கூழ் கிடைக்கும். விரிசலைப் பின்புறமிருந்து ‘வி’ வடிவில் குடைந்து, அதில் நிரப்பி, மேலே கண்ணாடி இழை வலைத்துண்டு வைத்து இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பிபிக்குப் பிளாஸ்டிக் வெல்டிங்தான்: பிபி குச்சியை உருக்கிச் சேர்ப்பது, அல்லது அலைவடிவக் கம்பியைச் சூடாக்கிப் பின்புறம் பதித்துத் தைப்பது. பம்பர் வேலை செய்கிற பட்டறைகளில் இரண்டுமே செய்கிறார்கள். எந்த முறையானாலும் முதல் காரியம், விரிசலின் இரண்டு முனையிலும் 2 மி.மீ. துளை போடுவது. துளை இல்லையென்றால் அடுத்த கோடையில் அது இன்னும் நீளும்.

மேலே தோல் போல மெத்தென்ற உறையும் அடியில் ஃபோமும் உள்ள டேஷ்போர்டு வேறு ஜாதி. வினைல் உறையை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் ஆவியாகி, உறை சுருங்கி வெடிக்கிறது. வளையும் தன்மையுள்ள ஃபில்லர் வைத்து 180, 320, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தலாம். சொரசொரப்பு போய் அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று தெரியும். நல்ல இடத்திலிருந்து சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, ஃபில்லர் இறுகும் முன் அழுத்தினால் ஓரளவு ஒத்துப்போகும். சுருங்கிக்கொண்டே இருக்கும் உறை பக்கத்தில் இன்னொரு இடத்தில் வெடிக்காது என்று சொல்ல முடியாது. இத்தனை உழைப்புக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய டேஷ்போர்டைத் தேடி மாற்றுவது பெரும்பாலும் லாபம்.

சென்னையில் அதற்கு இடம் புதுப்பேட்டை. வாங்கும்போது ஸ்குரூ ஏறும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா, உங்கள் வேரியன்ட்டின் ஏசி கன்ட்ரோல், மியூசிக் சிஸ்டம் வெட்டுகள் பொருந்துகின்றனவா என்று பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பயணி பக்க ஏர்பேக் உள்ள மாடல் என்றால் அந்த மூடிப் பகுதியைத் திருப்பி உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளந்து கிழிவதற்காக மெல்லிய கோடு வைத்திருப்பார்கள். அதில் ஃபில்லரோ பசையோ தெரிந்தால் அது விபத்தில் ஏர்பேக் வெடித்துச் சரிக்கட்டிய டேஷ்போர்டு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதே காரணத்தால் உங்கள் விரிசல் ஏர்பேக் மூடி மேல் போகிறதென்றால் மேலே சொன்ன ஒட்டுவேலை எதுவும் செய்யாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் யூனிட்டில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் லைன். அதில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது, அந்தச் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கப் போதுமானதாகலாம்.

ஹீட் கன் காட்டினால் வெளுத்த பிளாஸ்டிக் கறுப்பாகிறதே, டேஷ்போர்டுக்குச் செய்யலாமா?
– வாசகர், சேலம்

வெளியே உள்ள பம்பர் பட்டைக்கு ஆகும், அதுவும் சில மாதம்தான். மேல்பரப்பு உருகி மறுபடி படிவதால் வரும் கறுப்பு அது. டேஷ்போர்டில் சொரசொரப்பு உருகி வழவழத்துவிடும், மெல்லிய இடம் குழியும். வேண்டாம்.

பீஜ் நிற டேஷ்போர்டு கறை பிடித்துக் கண்றாவியாக இருக்கிறது. கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா? அடித்தவர்கள் உரிகிறது என்கிறார்கள்.
– வாசகர், நாமக்கல்

உரிவதற்கு இரண்டு காரணம்: அடியில் சிலிகான் இருந்தது, அல்லது பிபிக்கான பிரைமர் போடவில்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பாகங்களைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் லிக்விடும் சாம்பல் நிற ஸ்கிரப் பேடும் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். பேட் சொரசொரப்பைக் கெடுக்காமல் லேசாக வரி போடும். உப்புத்தாள் போட்டால் சொரசொரப்பே போய்விடும். கழுவிக் காயவைத்த பிறகு ஐசோபுரோப்பைல் துடைப்பு, அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. சிலிகான் ஒரு துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் மீன் கண் போல விலகிக் குழி விழும். அப்படி விழுந்தால் மேலே மேலே அடித்து மூட முடியாது, கழுவியதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பிறகு ‘பிளாஸ்டிக் அட்ஹீஷன் புரோமோட்டர்’ என்று கேட்டு வாங்கிய பிபி பிரைமர், ஒரே மெல்லிய கோட். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் கலர் அடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அதன் பிடிப்புப் போய்விடும். கலர் மேட் பிளாக் அல்லது வினைல் ஸ்பிரே. டப்பாவை 20 – 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, முதல் கோட் அடியில் பீஜ் தெரிகிற அளவுக்குத் தூவல் மாதிரி மட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று நான்கு கோட். முதல் கோட்டிலேயே மறைக்க நினைத்து அடித்தால் வழியும். முழு டேஷ்போர்டுக்கு 400 மி.லி. டப்பா இரண்டு தேவைப்படும், ஒரே நேரத்தில் வாங்குங்கள். மழைநாளில் அடிக்க வேண்டாம், ஈரக்காற்றில் பூஞ்சை பூத்த மாதிரி வெளுக்கும். கழற்றியதை மாட்ட ஒரு நாள் பொறுக்க வேண்டும். நகம் பட்டாலும் தாங்குகிற அளவுக்கு இறுக ஒரு வாரம் ஆகும்.

ஏர்பேக் மூடியில் அடிக்காதீர்கள். நிறம் மாறித் தெரியுமே என்றால், தெரியட்டும். மேல்பாகத்துக்குப் பளபளக்கும் கிளாஸ் பிளாக் அடிக்கவே கூடாது, முதல் கேள்விக்காரரின் அவஸ்தை உங்களுக்கும் வரும்.

மீட்டர் கண்ணாடி பனி மூடியது போல மங்கிவிட்டது. முள் சரியாகத் தெரியவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக்கோ பாலிகார்பனேட்டோதான். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட், பெட்ரோல் எது பட்டாலும் நாளடைவில் நூல் நூலாக உள்விரிசல் விடும். ஏற்கனவே அப்படி விரிசல் விட்டிருந்தால் பாலிஷுக்கு மசியாது, மாற்ற வேண்டியதுதான். சாய்த்துப் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மேலோட்டமான துணிக்கீறல் என்றால் வட்ட வட்டமாகத் தெரியும், உள்விரிசல் கோணல்மாணலாக உள்ளே மின்னும்.

கீறல் மட்டும்தான் என்றால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் தூசியைத் தடவி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் ஒரு பட்டாணி அளவு துணியில் எடுத்து மூன்று நான்கு நிமிடம் அழுத்தாமல் தேயுங்கள். நகம் மாட்டுகிற ஆழக் கீறலுக்கு மேல்மூடியைத் தனியே கழற்றி 2000, பிறகு 3000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். மூடி திறந்திருக்கும்போது முள்ளில் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நகர்வு போதும், அப்புறம் ஸ்பீடு தப்பாகக் காட்டும். கம்பெனியிலேயே எதிரொளிக்காத மேட் மூடி வைத்த மாடல்களும் உண்டு. அவற்றில் பாலிஷ் போட்ட இடம் மட்டும் மின்னித் திட்டாகிவிடும்.

நான்கு மாதம் நிறுத்திய கார். டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எங்கும் வெள்ளைப் பூஞ்சை.
– வாசகி, நாகர்கோவில்

மாஸ்க் போட்டுக்கொண்டு, வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, துணியில் நனைத்துத் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். ஒருமுறைத் துடைப்பில் போகிற பூஞ்சை அதுவல்ல, ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் காரணம் டேஷ்போர்டில் இல்லை, தரையில். பக்கத்து இருக்கைப் பக்கம் கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்து, கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள ஃபெல்ட்டையும் காயவைக்காமல் மேலே எத்தனை வினிகர் போட்டும் பலனில்லை.

டேஷ்போர்டு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சென்னை

நியாயமான சந்தேகம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. மேலே பாலிஷ் போடலாம், பின்புறத்துக்கு யாரும் போடுவதில்லை. குளோவ் பாக்ஸின் இரு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பல வண்டிகளில் அப்படியே கீழே தொங்கும். அந்த ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். குறுக்கே போகும் இரும்புக் கம்பத்தின் மேல் மெல்லிய வண்டல் படிவு, ஒயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு, ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அறையில் மண் வரி இவற்றில் ஒன்று இருந்தாலும் பின்வாங்குங்கள். சாதாரணத் தூசி உதிரியாக இருக்கும், ஊதினால் பறக்கும். வண்டல் காய்ந்து ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் ஏடாக வரும்.

கூடவே சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, கடைசி ஒரு முழத்தில் நிற மாற்றம் இருக்கிறதா, சேற்று வாடை வருகிறதா என்று பாருங்கள். இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தின் போல்ட் துருவும், டேஷ்போர்டு ஸ்குரூ தலைகளில் கழற்றிய கீறலும் துணைச் சாட்சிகள். ஸ்குரூ கீறல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், மியூசிக் சிஸ்டம் மாற்றியவர்களும் கழற்றியிருப்பார்கள்.

டேஷ்போர்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. வேக்வம் போட்டு எடுத்துவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

காய்ந்த எலிப் புழுக்கையையும் கூட்டையும் வேக்வத்தாலோ துடைப்பத்தாலோ கிளறவே கூடாது. அதில் உள்ள நோய்க்கிருமி தூசியோடு மூச்சில் ஏறும். கையுறை, மாஸ்க் போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து லேசாக நனைத்து ஐந்து நிமிடம் விட்டு, டிஷ்யூ பேப்பரால் அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள். ஒயர், கனெக்டர் உள்ள இடத்தில் பிளீச்சிங் வேண்டாம், உலோகம் அரிக்கும். அங்கே ஐசோபுரோப்பைலில் நனைத்த துணி. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள கேபின் ஃபில்டரைக் கழுவிப் போட நினைக்காமல் புதிது மாற்றுங்கள். எலிக்குப் பிடித்த இடம் அதுதான், நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வரும். வேலைக்கு முன் கழற்றிய பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கண்ணில் படுகிற அத்தனை ஒயரையும் விரலால் தடவிப் பாருங்கள். கடித்த இடத்தில் செம்பு வெளியே தெரியாவிட்டாலும் பல் பதிந்த பள்ளம் கைக்குத் தட்டுப்படும்.